மேடையை விட்டு இறங்க மாட்டேன்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எப்பவும் விழான்னா நான் கேமராவோட கீழேதான் நிற்பேன். இன்னைக்கு என்னை மேலே ஏத்திவிட்டுட்டாங்க. கேமராவை எங்க குழு தங்கச்சி கையில கொடுத்திருக்கேன். படம் ஆடாம வந்தா அவளுக்குப் பாராட்டு. ஆடிப்போச்சுன்னா சொல்லிக்கொடுத்த என் தப்பு.

நான் நிலக்கோட்டைப் பக்கம். எங்க ஊரில் பாதிப் பேருக்கு மல்லிகைதான் சோறு போடுது. விடியற்காலை பூப் பறிக்கப் போவோம். நாள்காட்டி பார்க்காமலே முகூர்த்த நாள் எங்களுக்குத் தெரிந்துவிடும். பூ விலை ஏறினால் நாளைக்கு எங்கோ கல்யாணம் என்று அர்த்தம். அந்தக் கல்யாணங்களுக்கு நானும் போவேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு போவேன் என்று அப்போது நினைத்ததில்லை.

2016-ல் என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் தவறிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் சின்னது. துக்கத்துக்கு வந்தவர்கள் மாலை போட ஒரு படம் கேட்டார்கள். வீட்டில் படம் இல்லை. எங்கள் கல்யாண ஆல்பம் கூரை ஒழுகி நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தவரை என் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இது அப்பா இல்லையேம்மா" என்று சின்னவன் கேட்டான். ஒரு படத்துக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து, நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் பயிற்சிகளின் பட்டியலைப் படித்தார்கள். வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் நமக்கெல்லாம் தெரியும். தையல், அழகுக்கலை, ஆடு வளர்ப்பு என்று வரிசையாக வாசித்தார்கள். கடைசியில் புகைப்படமும் வீடியோவும், 30 நாள். கட்டணம் இல்லை, சாப்பாடும் அங்கேயே. நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏன்டி, தையலுக்குப் போகாம இதுக்கா போற?" என்றார்கள். என் மாமியார் மட்டும்தான், "போயிட்டு வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் நான் இன்றும் பூக்கூடையோடுதான் இருப்பேன்.

பயிற்சியில் முப்பது பேர் போல இருந்தோம், அதில் பெண்கள் மூன்று பேர். முதல் நாளே சொல்லிக்கொடுத்த சார் எங்களிடம் ஹோமாய் வியாரவாலா பற்றிச் சொன்னார். 1913-ல் குஜராத்தில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை கட்டிக்கொண்டே, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு, நாடு விடுதலை பெற்ற நாட்களைப் படம் எடுத்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் அவர் கணவர் பெயரில்தான் அச்சாகின. 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இதைக் கேட்டபின் எங்கள் மூன்று பேருக்கும் கேமராவின் கனம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அக்கா, தங்கச்சிகளே, படம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் செல்போனுக்கும் இது பொருந்தும்.

முகத்தைப் படம் எடுக்க முதலில் தேவை வெளிச்சம், கேமரா அதற்கு அப்புறம்தான். உச்சி வெயிலில் நிற்க வைத்தால் கண்ணுக்குக் கீழே கருப்பு விழும், கண் சுருங்கும். நம் வீட்டு வாசல்தான் நல்ல ஸ்டுடியோ. நிலைப்படிக்கு இரண்டடி உள்ளே, வெயில் மேலே படாமல், முகம் வெளிப்பக்கம் பார்த்தபடி உட்கார வையுங்கள். வெளியே இருந்து வருகிற வெளிச்சம் முகத்தில் மெதுவாகப் பரவும். வீட்டுக்குள் இருக்கிற இருட்டு பின்னால் திரை கட்டின மாதிரி ஆகிவிடும். கேமரா அவர்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

நான் எடுத்த முதல் முகப்படம் என் மாமியாருடையது. "படம் எடுத்தா ஆயுசு குறையும்" என்று முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தபோது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தேன். சட்டம் போட்டுக் கொடுத்ததும் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கேன். இதையே வச்சுக்க, நான் போனப்புறம் மாலை போட ஆகும்" என்றார். ஆண்டவன் புண்ணியத்தில் அத்தை நன்றாக இருக்கிறார். அந்தப் படத்துக்கு மாலை போடவில்லை, தினமும் துடைத்துவைக்கிறார்.

பயிற்சி முடித்த கையோடு கேமரா வாங்கிவிடவில்லை. ஒரு ஸ்டுடியோக்காரரிடம் ஒரு வருடம் உதவிக்குப் போனேன். குடை லைட் பிடித்தேன், பெட்டி தூக்கினேன். பயிற்சியில் சொல்லாத பல விஷயங்கள் அங்கே கிடைத்தன. வெள்ளைக் கூரை உள்ள மண்டபத்தில் ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் முகம் இதமாக வரும். அதையே சிவப்புத் துணிப் பந்தலில் செய்தால் மாப்பிள்ளை, பொண்ணு, அய்யர் எல்லாரும் சிவந்துபோவார்கள். பட்டுச் சரிகையும் நகையும் ஃப்ளாஷை அப்படியே திருப்பி அடிக்கும். மாலை மாற்றும்போது ஷட்டர் வேகம் குறைவாக இருந்தால் கை, மாலை எல்லாம் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் அங்கேதான் கண்டுகொண்டேன். பொம்பளை போட்டோ எடுக்கிறது ஒரு குறை என்று நினைத்திருந்தேன். அதுதான் என் பலம். கல்யாணப் பெண் அலங்காரம் செய்துகொள்கிற அறைக்குள் ஆண்கள் போக முடியாது. அம்மா மகளுக்குப் பூ வைத்துவிடும்போது கண் கலங்குவதை நான் பக்கத்தில் நின்று எடுப்பேன். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் இப்போது என்னைத்தான் தேடி வருகிறார்கள். வயதுக்கு வந்த பிள்ளை என் முன்னால் கூச்சப்படாமல் சிரிக்கிறது.

2019-ல் கடன் வாங்கினேன். குழுவின் உள்கடன் 15,000, வங்கி இணைப்புக் கடனில் என் பங்கு 25,000, ஆக மொத்தம் 40,000. பழைய கேமராவும் அதோடு வந்த லென்ஸும் 24,000. முகம் எடுக்க 50 எம்எம் லென்ஸ் 8,500. ஃப்ளாஷ் 4,500. மெமரி கார்டு, பேட்டரி, பை எல்லாம் 3,000. கணக்கு சரியாக 40,000-ல் முடிந்தது. கையில் ஒரு ரூபாய் மிச்சமில்லை.

அந்த லென்ஸ் என்னை ஒருமுறை கவிழ்த்தது. அதில் எஃப் 1.8 என்று சின்ன எண் வைத்தால் பின்புறம் மங்கி, முகம் மட்டும் எடுப்பாகத் தெரியும். அந்த அழகில் மயங்கி, ஒரு காதுகுத்து விழாவில் குடும்பப் படத்தையும் அப்படியே எடுத்துவிட்டேன். முன்வரிசை தெளிவு, பின்வரிசையில் நின்ற பாட்டி மங்கல். அந்த வீட்டுக்கே பெரியவர் அவர்தான். மறுபடியும் போய், பாட்டியை வாசலில் உட்கார வைத்துத் தனிப்படம் எடுத்து இலவசமாகக் கொடுத்தேன். அன்றிலிருந்து கூட்டமாக நின்றால் எண்ணை 5.6, 8 என்று ஏற்றிவிடுவேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2020 தை மாதம், நானே தனியாக ஒத்துக்கொண்ட முதல் கல்யாணம். பேசியது 12,000. முன்பணம் 4,000. முதல் நாள் நலங்கு, அழைப்பு எல்லாம் நன்றாகப் போனது. மறுநாள் முகூர்த்தம். தாலியைத் தட்டில் வைத்துக் கூட்டத்தில் எல்லாரிடமும் தொட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்தார். "எந்த ஊரும்மா? வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். "தாலி கட்டுற நேரத்துல நீ மேடையில நிக்க வேண்டாம்மா. கொஞ்சம் இறங்கிக்க."

நான் இறங்கினேன்.

சண்டை போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கே அப்போது தோன்றவில்லை. தப்பு செய்துவிட்டவள் மாதிரி, பேசாமல் இறங்கினேன். கேமராவை என்னோடு வந்த தம்பி கையில் கொடுத்தேன். அவன் லைட் பிடிக்க வந்தவன். கெட்டிமேளம் கேட்டது. தாலி கட்டுகிற நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் அட்சதை விழுகிறது, ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். அவன் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. முடிச்சுப் போடும் கை ஆடியிருந்தது. ஒன்றில் யாரோ ஒருவரின் தோள்பட்டை மட்டும் தெரிந்தது.

ஆல்பம் கொடுத்தபோது, "தாலி கட்டுற படமே இல்லாம என்ன ஆல்பம்?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். என்னை இறக்கிவிட்டது யார் என்று மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை. மீதி 8,000-ல் 3,000 கொடுத்து, 5,000-ஐப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது 7,000. ஆல்பத்துக்கு 8,000, தம்பிக்கு 2,000, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 1,000 என்று செலவு 11,000. முதல் கல்யாணத்தில் கைநட்டம் 4,000.

அந்த மாதத் தவணை கட்ட முடியவில்லை. குழுக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு மாத அவகாசம் கொடுத்துத் தீர்மானம் எழுதினார்கள். அதற்கு நன்றி. ஆனால் எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா, "அவங்க சொன்னதுலயும் தப்பில்லையே. நல்ல காரியத்துல நாமளாப் பார்த்து ஒதுங்கிக்கணும்" என்றார். மண்டபத்தில் அழாதவள், அந்த வார்த்தைக்கு அழுதேன். எட்டு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டியவர்கள் நாங்கள்.

கேமராவை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். தவணைக்காகத்தான் விற்கவில்லை. விற்றாலும் வாங்கின விலை வராது, கடன் அப்படியே நிற்கும். அதற்குள் கொரோனா வந்து ஊரடங்கு போட்டார்கள். பிறகு 50 பேருக்குள் கல்யாணம் நடத்த அனுமதி வந்தது. மண்டபம் இல்லை, வீட்டு வாசலிலேயே பந்தல். பெரிய குழுவாக வருகிற ஆட்களைக் கூப்பிட வசதி இல்லாத வீடுகள் என்னைக் கூப்பிட்டன. அந்தச் சின்னச் சின்ன வேலைகள்தான் என்னைக் காப்பாற்றின. வாசல் வெளிச்சம் எனக்குக் கைவந்ததாயிற்றே!

அப்போதே ஒரு முடிவெடுத்தேன். வேலை பேச வருகிறவர்களிடம் விலையைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவேன்: "என் வீட்டுக்காரர் இல்லை. தாலி கட்டுறப்ப மேடையில நான்தான் நிப்பேன். சம்மதம்னா மேற்கொண்டு பேசுவோம்." சிலர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, திரும்பி வரவே இல்லை. அந்த வருமானம் போனது போனதுதான், இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சம்மதித்தவர்கள் வீட்டில் நான் தலை நிமிர்ந்து வேலை செய்கிறேன்.

2022 வைகாசியில், அன்றைக்கு அப்படிச் சொன்னாரே, அந்த அக்கா வீட்டில் மகளுக்குக் கல்யாணம். என்னைக் கூப்பிட்டது அக்கா இல்லை, மகள். "அத்தைதான் எடுக்கணும், இல்லேன்னா எனக்குப் போட்டோவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாளாம். தாலி கட்டுகிற நேரத்தில் நான் மேடையில் நின்றேன். லென்ஸ் வழியாக அக்காவின் முகத்தையும் பார்த்தேன், பயத்தில் வெளிறிப் போயிருந்தது. நான் எடுத்தேன். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு, நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சு. மூன்றும் தெளிவு.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வாங்க வந்தபோது அக்கா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதம்மா" என்றார். "வச்சுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன். ஆனா உங்க மேல கோவம் இல்ல" என்றேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது குழந்தை இருக்கிறது, சுகமாக இருக்கிறாள். அந்த அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இதை நான் பேசப்போகிறேன் என்று நேற்றே கேட்டுக்கொண்டேன். "பேசு, எல்லாரும் கேட்கட்டும்" என்று அவரே சொன்னார்.

தொழிலுக்கு வர நினைக்கிற தங்கச்சிகளுக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, விலை. 12,000-க்கு நான் ஒத்துக்கொண்டது அறியாமை. அவர்கள் முழுப்பணம் கொடுத்திருந்தாலும் செலவு போக எனக்கு 1,000 தான் நின்றிருக்கும். கல்யாணம் இரண்டு நாள், அப்புறம் கம்ப்யூட்டரில் படம் பிரித்துத் திருத்த நான்கு நாள். ஆறு நாள் உழைப்புக்கு 1,000 என்றால் பூப் பறிக்கவே போயிருக்கலாம். இப்போது 25,000 வாங்குகிறேன். ஆல்பம் 8,000, உதவியாள் 2,000, வண்டி, சாப்பாடு 1,000, வீட்டில் மாட்டும் பெரிய படம் 1,000. கேமராவுக்கென்று பத்தில் ஒரு பங்கு, 2,500 தனியாக எடுத்துவைக்கிறேன். மிச்சம் 10,500. கேமராவும் தேயும், அக்கா. ஷட்டருக்கு ஆயுசு உண்டு. அது நிற்கிற அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மாதம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் தவணைக்கு ஆடி, மார்கழி கிடையாது. தையிலும் வைகாசியிலும் வருகிறதிலிருந்து இரண்டு தவணையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் அளவுப் படம் என்று சில்லறை வேலை ஓடும். சில்லறை என்று விடக்கூடாது. வீட்டுச் செலவை ஓட்டுவது அதுதான்.

மூன்றாவது, எழுத்து. நம் குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவர்கள் நாம். அதே மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதுங்கள். எத்தனை நாள், எத்தனை படம், என்றைக்கு ஆல்பம், முன்பணம் எவ்வளவு, மீதி என்றைக்கு என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. தாய்மாமன், அத்தை, பாட்டி என்று யார் யாரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற பட்டியலையும் அதிலேயே வாங்கிவிடுங்கள்.

நான்காவது, கார்டு. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் புது கார்டும் புது பேட்டரியும் மாற்றுங்கள். அன்று ராத்திரியே படங்களை இரண்டு இடத்தில் ஏற்றுங்கள். ஆல்பம் கைமாறுகிற வரை எதையும் அழிக்காதீர்கள். திரும்ப எடுக்க முடியாத படம் அது.

ஐந்தாவது, நிறம். "பொண்ணைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்க" என்று கேட்காத வீடு குறைவு. முதலில் நானும் செய்தேன். ஒரு பெண் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று சிரித்தாள். சிரிப்புதான், ஆனால் எனக்கு என் சின்னவன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அதன்பிறகு வெள்ளையடிப்பதை நிறுத்திவிட்டேன். கறுப்பு முகத்துக்கு வேண்டியது நல்ல வெளிச்சம், அதைக் கொடுத்தால் அந்த நிறமே மின்னும். வாசலில் எடுத்த ஒரு படத்தைக் காட்டுவேன், பேசாமல் ஒத்துக்கொள்வார்கள்.

கடன் 40,000-ஐயும் கட்டி முடித்துவிட்டேன். இரண்டாவது கேமராவும் வாங்கியாகிவிட்டது. மூன்று தங்கச்சிகள் என்னோடு வேலைக்கு வருகிறார்கள். என் பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள்.

கடைசியாக இரண்டு கேட்கிறேன். ஒன்று, நம் கூட்டமைப்பில் எத்தனையோ அக்காக்களுக்குத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் படத்திலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள், இல்லையென்றால் ஆதார் அட்டையில் இருப்பார்கள். மாதாந்திரக் கூட்டம் நடக்கிற நாளில் கட்டடத்து வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். ஒரு கூட்டத்துக்குப் பத்து பேர் என்று நான் எடுத்துத் தருகிறேன். பிரிண்ட் போடுகிற செலவு மட்டும் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, தலைவி அக்காவிடம் கேட்கிறேன். நம் உறுப்பினர் வீட்டு விசேஷங்களில், கணவனை இழந்தவள் என்று எந்தப் பெண்ணையும் மேடையை விட்டு இறக்குவதில்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். படம் எடுக்கிறவளாக இருந்தாலும் சரி, பெற்ற தாயாக இருந்தாலும் சரி. மகள் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த தாய்மார்களை நான் லென்ஸ் வழியாகப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால்கூட வர மாட்டார்கள். அவர்களை நாம்தான் கையைப் பிடித்து மேலே ஏற்ற வேண்டும். 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்த குழு இயக்கம் நம்மை வங்கிப் படி ஏற வைத்தது. மண மேடைக்கும் படி இரண்டு, மூன்றுதானே இருக்கிறது.